ஹெட் போல்ட்டை ஒரே சீராக இறுக்குவது எப்படி: டார்க் ரெஞ்ச் முழு வழிகாட்டி

ஐப்பசி பிறந்து பிசான நெல் சாகுபடிக்குத் தொளி கலக்க (வயலைச் சேறாக்க) ஆரம்பித்துவிட்டால் நெல்லை மாவட்டத்துச் சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சிப் பக்கத்தில் எந்த டிராக்டருக்கும் ஓய்வு கிடையாது. கேஜ் வீல் (சேற்றுக்கான இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டிக்கொண்டு சேற்றுக்குள் முழு லோடில் விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை ஓடும். ரேடியேட்டரில் சேறும் வைக்கோல் தூசும் அடைத்து, தண்ணீர் கொதிக்கும். டிரைவர் வாய்க்கால் தண்ணீரை மொண்டு ஊற்றிவிட்டு மறுபடி ஓட்டுவார். அடுத்த வாரம் வண்டி பட்டறைக்கு வரும். மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் பண்ணினால், ரேடியேட்டர் வாயில் உலை கொதிப்பது மாதிரிக் குமிழி கிளம்பும். ஹெட் கேஸ்கட் போயிருக்கும், அதாவது இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல் மூடியான ஹெட்டுக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் தகடு.

கேஸ்கட் மாற்ற நிறையப் பேருக்குத் தெரியும். மாற்றியது நிற்கிறதா என்பதுதான் கேள்வி. ஒரே வண்டி பத்து நாளில் அதே குமிழியோடு திரும்பி வந்தால் எல்லோரும் முதலில் கேஸ்கட்டைத்தான் குறை சொல்வார்கள். என் கைக்கு வந்த வண்டிகளில் பெரும்பாலும் கேஸ்கட் நன்றாகத்தான் இருந்தது. ஹெட்டைப் பிளாக்கோடு பிடிக்கும் போல்ட்டுகள்தான் ஒன்றுக்கொன்று ஒத்து இழுக்கவில்லை. ஒரு போல்ட் அளவுக்கு மேல் இறுகியும் பக்கத்துப் போல்ட் தளர்ந்தும் இருந்தால், எத்தனை உசத்தியான கேஸ்கட்டும் அந்தத் தளர்ந்த இடத்தில் வழிவிட்டுவிடும். ஆகவே இந்த வேலையில் "நல்லா டைட்டா" என்பதைவிட "எல்லாம் ஒண்ணுபோல" என்பது முக்கியம்.

போல்ட்டுக்குள் நடப்பது

போல்ட் ஒரு ஸ்பிரிங். இறுக்கும்போது அது நீளுகிறது. நீண்ட போல்ட் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும் அந்த இழுப்புதான் ஹெட்டை பிளாக்கோடு அமுக்கிப் பிடிக்கிறது. 12 மில்லிமீட்டர் போல்ட் ஒன்று 100 மில்லிமீட்டர் நீளம் இருந்தால், சரியாக இறுக்கியபின் சுமார் 0.2 மில்லிமீட்டர் நீண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த நீட்டத்தில் 4 டன் அளவுக்குப் பிடி இருக்கிறது.

அவ்வளவு பிடி தேவைதான். 100 மில்லிமீட்டர் போர் (உள்விட்டம்) உள்ள டீசல் சிலிண்டருக்குள் வெடிக்கும்போது அழுத்தம் 100 பார் வந்தால், அந்த ஒரு சிலிண்டர் மட்டும் ஹெட்டை மேலே தூக்கும் விசை 8 டன். 2000 ஆர்.பி.எம்.மில் ஒவ்வொரு சிலிண்டரும் நிமிஷத்துக்கு 1000 தடவை அப்படித் தூக்கிப் பார்க்கும்.

டார்க் ரெஞ்ச் இந்த இழுப்பை அளக்காது. திருப்புவதற்கு எவ்வளவு பலம் தேவைப்பட்டது (அதுதான் டார்க்) என்பதை மட்டும்தான் அது சொல்லும். நாம் கொடுக்கும் பலத்தில் கிட்டத்தட்ட பாதி போல்ட் தலைக்கு அடியில் உரசலிலேயே போய்விடும். இன்னொரு 40 சதவீதம் மரையில் (திருகுப் புரியில்) உரசலாகப் போகும். மிச்சம் 10 சதவீதம்தான் போல்ட்டை நீட்டுகிறது. மரையில் துரு இருந்து உரசல் கூடினால், 100-இல் வைத்த ரெஞ்ச் அந்த அளவு வந்ததும் எப்போதும்போலக் கிளிக் அடிக்கும், போல்ட் மட்டும் நீண்டிருக்காது. மேலே சொன்ன 12 மில்லிமீட்டர் போல்ட்டையே 100 நியூட்டன் மீட்டரில் காய்ந்த மரையோடு இறுக்கினால் பிடி சுமார் 4 டன். எண்ணெய் தடவிய மரை என்றால் ஐந்தரை டன் வரை போகும். ரெஞ்சில் எண் ஒன்றுதான், பிடியில் ஒன்றரை டன் வித்தியாசம். அதனால்தான் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் ரெஞ்சைக் கையில் எடுப்பதற்கு முந்தைய வேலையாக இருக்கிறது.

எண்ணைக் கண்டுபிடியுங்கள், அதன் அலகையும்

உங்கள் இன்ஜினின் சர்வீஸ் மேனுவலில் நாலு விஷயம் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். கடைசி டார்க் எவ்வளவு, எத்தனை கட்டமாக இறுக்க வேண்டும், எந்த வரிசையில், மரைக்கு எண்ணெய் உண்டா இல்லையா. பக்கத்துப் பட்டறையில் கேட்டு வாங்கிய எண், வேறு மாடலுக்கு உள்ள எண், "எல்லா டிராக்டருக்கும் இதுதான்" என்று யாராவது சொன்ன எண் எதுவும் வேண்டாம். ஒரே கம்பெனியின் ஒரே குதிரைத்திறன் இன்ஜினிலேயே போல்ட் மாறினால் டார்க் மாறும்.

அலகில் ஏமாறுகிறவர்கள் அதிகம். பழைய மேனுவல்களில் கிலோ மீட்டர் கணக்கில் இருக்கும் (தூரம் இல்லை, கிலோ விசையை மீட்டரால் பெருக்கிய கணக்கு). சிலதில் பவுண்டு அடி. புதியவற்றில் நியூட்டன் மீட்டர். 1 கிலோ மீட்டர் என்பது 9.81 நியூட்டன் மீட்டர். 1 பவுண்டு அடி என்பது 1.356 நியூட்டன் மீட்டர். மேனுவலில் 75 பவுண்டு அடி என்று இருப்பதை ரெஞ்சில் 75 நியூட்டன் மீட்டராக வைத்தால், வர வேண்டிய 102-இல் கால் பங்குக்கு மேல் குறைந்துபோகும். கேஸ்கட் அன்றைக்குப் பிடித்துக்கொள்ளும். லோடு ஏறியதும் விடும்.

இந்த வழிகாட்டியில் கணக்குச் சொல்ல வசதியாக 100 நியூட்டன் மீட்டர் என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் எண் அதுவாக இருக்க வேண்டியதில்லை.

ரெஞ்சை நம்பலாமா

ஹெட் வேலைக்கு அரை இஞ்ச் டிரைவ் (சாக்கெட் மாட்டும் சதுர முனை), 40 முதல் 200 நியூட்டன் மீட்டர் வரை காட்டும் கிளிக் ரெஞ்ச் போதும். நல்ல ரெஞ்சுக்கே 4 சதவீதம் கூடக் குறைய இருக்கும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். அளவின் அடி ஓரத்தில் மட்டும் எந்த ரெஞ்சையும் நம்பாதீர்கள். 200 வரை போகிற ரெஞ்சில் 40-க்குக் கீழே சரியாக வராது. ஐ.எஸ்.ஓ. 6789 தரத்தின்படி வருஷத்துக்கு ஒரு தடவை, அல்லது 5000 கிளிக்குக்கு ஒரு தடவை காலிபரேஷன் (காட்டும் அளவு சரியா என்ற சோதனை) பார்க்க வேண்டும்.

இடையில் சந்தேகம் வந்தால் பட்டறையிலேயே ஒரு சோதனை செய்யலாம். ரெஞ்சின் சதுர முனையை வைஸில் பிடித்து, ரெஞ்ச் தரைக்குச் சமமாகக் கிடக்கும்படி வையுங்கள். முனையின் நடுவிலிருந்து கைப்பிடியின் நடு வரை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். 40 சென்டிமீட்டர் இருக்கிறது என்று வைப்போம். அந்த இடத்தில் 25 கிலோ அரிசிச் சிப்பம் ஒன்றைக் கயிற்றில் தொங்கவிட்டால் 10 கிலோ மீட்டர், அதாவது 98 நியூட்டன் மீட்டர். ரெஞ்சின் சொந்த எடையும் கொஞ்சம் சேரும். 90-இல் வைத்தால் கிளிக் வர வேண்டும், 115-இல் வைத்தால் வரக்கூடாது. இது காலிபரேஷனுக்குப் பதில் ஆகாது. ஆனால் ஸ்பிரிங் செத்துப்போன ரெஞ்சைக் காட்டிக்கொடுத்துவிடும்.

போல்ட் கழற்ற டார்க் ரெஞ்சை ஒருபோதும் எடுக்காதீர்கள். அதற்கு டி-ராடு (டி வடிவக் கைப்பிடி) இருக்கிறது.

கழற்றுவதிலும் வரிசை உண்டு

இன்ஜின் முழுசாக ஆற வேண்டும். கையை ஹெட்டில் வைத்தால் சூடே தெரியக்கூடாது. ராத்திரி நிறுத்திய வண்டியைக் காலையில் கழற்றுவது உத்தமம். சூட்டோடு கழற்றினால், ஏற்கெனவே கொதித்து வந்த ஹெட் இன்னும் வளையும்.

இறுக்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகிறோம் என்றால், கழற்றும்போது ஓரத்திலிருந்து நடுவுக்கு வர வேண்டும். ஒரே போல்ட்டை முழுசாக எடுத்துவிட்டு அடுத்ததுக்குப் போகக்கூடாது. முதல் சுற்றில் எல்லாவற்றையும் அரைத் திருப்பு தளர்த்தி, அடுத்த சுற்றில் எடுங்கள்.

போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளம் இருக்காது. ராக்கர் (வால்வை அமுக்கும் நெம்பு) தாங்கியைச் சேர்த்துப் பிடிக்கிற போல்ட் பெரும்பாலும் நீளமாக இருக்கும். பழைய அட்டைப்பெட்டி மூடியில் ஹெட்டை வரைந்து, போல்ட் இருந்த இடத்தில் ஓட்டை போட்டு, கழற்றக் கழற்ற அதிலேயே குத்தி வையுங்கள். புஷ் ராடுகளையும் (ராக்கரைத் தள்ளும் கம்பிகள்) அதே அட்டையில் வரிசையாகக் குத்தலாம். நீளமான போல்ட் குட்டை இடத்தில் போனால் அடி தட்டி நின்றுவிடும். ரெஞ்ச் கிளிக் அடிக்கும், ஹெட் மட்டும் இறுகியிருக்காது.

துளை சுத்தம்

இந்தப் பகுதியை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள்.

நான் சொந்தமாகப் பட்டறை போட்ட முதல் வருஷம். நடவுக்கு நாலு நாள் இருக்கும்போது ஒரு டிராக்டர் வந்தது. இரவோடு இரவாக ஹெட்டை ஏற்றினேன். பிளாக்கில் போல்ட் இறங்கும் துளைகளை டீசல் விட்டுக் கழுவியது நினைவிருக்கிறது, காற்றடித்து வெளியே எடுத்தது நினைவில் இல்லை. எடுக்கவில்லை என்பதுதான் உண்மை. ஆறாவது போல்ட்டை இறுக்கும்போது ரெஞ்ச் 100-ஐ நெருங்கி, கிளிக் வராமலே கை திடீரென்று மெத்தென்று போனது. சத்தம் பெரிதாக இல்லை, தீக்குச்சி ஒடிவது மாதிரி ஒன்று. டார்ச் அடித்துப் பார்த்தேன். பிளாக்கின் ஓரத்தில், துளைக்கு நேர் கீழே, தலைமுடி கிடப்பது போல ஒரு கோடு. விரலால் துடைத்தேன். துடைத்த இடத்தில் டீசல் மறுபடி மெல்லக் கசிந்து கோடாக வந்தது. அடி மூடிய துளைக்குள் தேங்கிய டீசலுக்குப் போக இடமில்லை. திரவம் அமுங்காது. போல்ட் இறங்க இறங்க அது பிளாக்கைப் பிளந்துவிட்டது. என் கூலியைப் போல எத்தனையோ மடங்கு செலவாயிற்று. அது போகட்டும், அந்தக் குடும்பத்துக்கு நடவு பன்னிரண்டு நாள் தள்ளிப்போனது. அதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

ஆகவே ஒவ்வொரு துளையையும் இப்படிப் பாருங்கள். மெல்லிய கம்பியில் துணி சுற்றி அடி வரை விட்டு எடுங்கள். துணி நனைந்து வந்தால் சிரிஞ்சில் டியூப் மாட்டி உறிஞ்சுங்கள். அதன்பின் துளை வாயில் வேஸ்ட் துணியைப் பொத்திக்கொண்டு காற்றடியுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், துளைக்குள் கிடக்கும் அழுக்கெல்லாம் முகத்துக்குத்தான் வரும். மறுபடி துணி விட்டுப் பாருங்கள். காய்ந்து வரும் வரை இதுதான் வேலை.

மரையில் கரியும் துருவும் இருந்தால் மரை சுத்தம் செய்யும் சேசர் விட்டு எடுக்க வேண்டும். மரை வெட்டும் புது டேப்பை விட்டால் அது நல்ல மரையையும் சேர்த்துச் சீவிவிடும். சேசர் இல்லாவிட்டால், அதே அளவுள்ள பழைய போல்ட்டின் பக்கவாட்டில் நீளத்துக்கு இரண்டு மூன்று கோடு அறுத்துக்கொண்டு கையால் விட்டு எடுங்கள். அழுக்கு அந்தப் பள்ளத்தில் வந்துவிடும்.

சில துளைகள் அடி மூடாமல் தண்ணீர் ஓடும் அறைக்குள் திறந்திருக்கும். திசையன்விளை, ராதாபுரம் பக்கத்து உப்புக் கிணற்றுத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றி ஓட்டிய வண்டியில் அந்தப் போல்ட்டுகள் அடிப்பக்கம் அரித்து, இடை மெலிந்து வரும். அவற்றைப் பார்த்ததும் தூர எறியுங்கள். புதுசு போடும்போது அந்தப் போல்ட்டுகளின் மரைக்கு மட்டும் மேனுவல் சொல்லும் சீலண்ட் (கசிவு தடுக்கும் பசை) தடவ வேண்டும்.

போல்ட்டைப் படித்துப் பாருங்கள்

கம்பி பிரஷ் போட்டுத் துடைத்து எல்லாப் போல்ட்டையும் கண்ணாடி மேல் தலைகீழாக நிறுத்துங்கள். ஒரே வகைப் போல்ட்டுகள் ஒரே உயரம் நிற்க வேண்டும். ஒன்று மட்டும் எட்டிப் பார்த்தால் அது நீண்டுபோன போல்ட், திரும்பாது. பிறகு ஒரு புது நட்டைக் கையால் ஒவ்வொன்றிலும் கடைசி மரை வரை ஓட்டுங்கள். விரலாலேயே போக வேண்டும். நடுவில் ஒரு இடத்தில் பிடித்தால் அங்கே மரை நீண்டிருக்கிறது.

தலையில் 10.9 என்று போட்ட போல்ட்டுக்குப் பதில் கடையில் கிடைத்தது என்று 8.8 போடக்கூடாது. இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், தாங்குவது வேறு. வாஷர் உண்டென்றால் வாஷரையும் புரட்டிப் பாருங்கள். தலை உரசிக் குழி விழுந்த வாஷரில் உரசல் கூடிவிடும், பிடி குறையும்.

மேனுவலில் டார்க்கோடு சேர்த்துப் பாகை (டிகிரி கணக்கில் திருப்பும் கோணம்) சொல்லியிருந்தால், உதாரணமாக "60 நியூட்டன் மீட்டர், பிறகு 90 பாகை" என்றிருந்தால், அது பெரும்பாலும் நிரந்தரமாக நீளும் வரை இறுக்கும் போல்ட்டாக இருக்கும். அதை ஒரு தடவைதான் பயன்படுத்தலாம். சிலவற்றுக்கு இத்தனை மில்லிமீட்டர் நீளத்துக்குள் இருந்தால் மறுபடி போடலாம் என்று மேனுவலே அளவு தரும். அளவு தரவில்லை என்றால் புதுசு வாங்க வேண்டும். வாடிக்கையாளர் முணுமுணுத்தாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இரண்டு முகங்கள்

ஹெட் முகத்திலும் பிளாக் முகத்திலும் பழைய கேஸ்கட்டைச் சுரண்ட வேண்டும். அலுமினிய ஹெட்டில் எமரி சக்கரம் வைக்காதீர்கள், நமக்குத் தெரியாமலே பள்ளம் பறித்துவிடும். பிளாஸ்டிக் அல்லது பித்தளைச் சுரண்டி, தின்னர், பொறுமை, இவ்வளவு போதும்.

அப்புறம் நேர்ச்சட்டம் வைத்துப் பாருங்கள். நீளவாக்கில் இரண்டு, குறுக்கே இரண்டு, மூலைக்கு மூலை இரண்டு என்று ஆறு இடம். சட்டத்துக்கு அடியில், இடைவெளி அளக்கும் 0.05 மில்லிமீட்டர் ஃபில்லர் தகடு நுழைகிறதா? நுழைந்தால் மேனுவலில் உங்கள் ஹெட்டுக்கு எவ்வளவு வரை விட்டிருக்கிறது என்று பார்த்து, தாண்டினால் லேத்துப் பட்டறைக்கு ஃபேஸிங்குக்கு (முகத்தைச் சீவிச் சமமாக்க) அனுப்புங்கள். வளைந்த ஹெட்டை டார்க் போட்டு நேராக்கலாம் என்று நினைக்கக் கூடாது. போல்ட்டின் பிடியில் ஒரு பங்கு ஹெட்டை நிமிர்த்தவே செலவாகும், கேஸ்கட்டுக்கு மிச்சம் போதாது.

வெட் லைனர் இன்ஜின் (சிலிண்டரின் உள்குழாயான லைனரைச் சுற்றித் தண்ணீர் ஓடும் வகை) என்றால் லைனர் பிளாக் முகத்துக்கு மேல் எவ்வளவு எழும்பி நிற்கிறது என்றும் அளக்க வேண்டும். ஒரு லைனர் தாழ்ந்திருந்தால் அந்த சிலிண்டரில் கேஸ்கட் அமுங்காது, போல்ட்டை எப்படி இறுக்கினாலும் சரி.

ஏற்றுதல்

கேஸ்கட்டில் மேல் பக்கம் எது என்று அடையாளம் இருக்கும். அடையாளம் இல்லாவிட்டால், எண்ணெய்த் துளைகள் எல்லாம் பிளாக்கின் துளையோடு ஒத்து நிற்கும் பக்கம் எது என்று பார்த்து வையுங்கள். மேனுவல் சொல்லாத இடத்தில் கேஸ்கட் பேஸ்ட் தடவாதீர்கள். தடவினால் இறுக்கும்போது கேஸ்கட் வழுக்கி நகரும். டவல் பின் (ஹெட்டை இடம் பிசகாமல் நிறுத்தும் முளை) இரண்டும் இடத்தில் இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, இரண்டு பேராக ஹெட்டைச் சமமாக இறக்குங்கள். ஒரு பக்கம் சாய்த்து இழுத்தால் கேஸ்கட்டின் வளையம் மடங்கிவிடும்.

எண்ணெய் போடச் சொல்லியிருந்தால் இன்ஜின் ஆயிலில் விரலை நனைத்து மரையில் ஒரு தடவல், தலைக்கு அடியில் ஒரு தடவல். தலைக்கு அடியில் தடவ மறப்பவர்கள்தான் அதிகம், உரசலில் பாதி அங்கேதான் இருக்கிறது. போல்ட்டைத் தூக்கிப் பிடித்தால் சொட்டக்கூடாது. சொட்டினால் அது துளை அடியில் போய்த் தேங்கும், மேலே சொன்ன கதைதான். கிரீஸ், வழுவழுப்புப் பேஸ்ட் எதுவும் வேண்டாம். உரசல் ரொம்பக் குறைந்து, அதே எண்ணில் போல்ட் அளவுக்கு மீறி நீண்டுவிடும். எல்லாப் போல்ட்டுக்கும் ஒரே எண்ணெய், ஒரே அளவு. ஒன்றுக்குத் தடவி ஒன்றை விடுவது எதையும் தடவாமல் விடுவதைவிட மோசம்.

எல்லாவற்றையும் விரலாலேயே உட்கார வையுங்கள். விரலால் போகாத போல்ட்டுக்குக் காரணம் இருக்கும், ஸ்பேனர் போட்டுக் கட்டாயப்படுத்தாமல் எடுத்துப் பாருங்கள்.

வரிசை

பத்தமடைப் பாய் ஒன்றை விரித்துச் சுருக்கம் எடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கை நடுவில் வைத்து, தடவித் தடவி ஓரத்துக்குப் போகிறோம். ஓரம் நாலையும் முதலில் அமுக்கிவிட்டால் நடுவில் ஏறிய சுருக்கத்துக்கு வெளியேற வழியில்லை. ஹெட்டும் கேஸ்கட்டும் அப்படித்தான்.

இரண்டு வரிசையாகப் பத்துப் போல்ட் உள்ள நாலு சிலிண்டர் ஹெட்டில், நடுவில் எதிரெதிராக இருக்கும் இரண்டுதான் 1, 2. அடுத்து அந்த இரண்டுக்கும் இருபுறமும் உள்ள நாலு போல்ட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாக, இடது முன் ஒன்று, வலது பின் ஒன்று என்று மாற்றி மாற்றி 3 முதல் 6. கடைசியாக நாலு மூலைகள், அதே மாதிரி மூலைக்கு மூலை, 7 முதல் 10. உங்கள் மேனுவலில் வரிசை வேறாக இருந்தால் அதுதான் சரி. பெயிண்ட் மார்க்கரால் ஒவ்வொரு போல்ட் பக்கத்திலும் ஹெட் மேலேயே எண் எழுதிவிடுங்கள். நடுவில் போன் அடித்தாலும், டீ வந்தாலும் எந்தப் போல்ட்டில் விட்டோம் என்பது தெரியும். எழுதாமல் நினைவில் வைத்துச் செய்வதை நான் எப்போதோ விட்டுவிட்டேன்.

மூன்று சுற்று

100-க்கு ஒரே மூச்சில் போகக்கூடாது. முதல் போல்ட்டை 100-க்கு இறுக்கிவிட்டுப் பத்தாவதுக்கு வந்து சேர்வதற்குள், கேஸ்கட் அமுங்கி முதல் போல்ட் தளர்ந்திருக்கும். மேனுவல் வேறு கட்டம் சொல்லாவிட்டால் 40, 70, 100 என்று மூன்று சுற்று.

முதல் சுற்று 40. 1 முதல் 10 வரை வரிசையாக. முடித்ததும் அதே 40-இல் இன்னொரு சுற்று போய்ப் பாருங்கள், முதல் இரண்டு மூன்று போல்ட்டுகள் கொஞ்சம் திரும்பும். கேஸ்கட் உட்கார்ந்ததற்கு அது அடையாளம். இரண்டாவது சுற்று 70. மூன்றாவது 100.

பிடிக்கும் விதம் இது. கைப்பிடியின் நடுவில் ஒரு கை, இன்னொரு கையால் ரெஞ்சின் தலையை சாக்கெட்டோடு சேர்த்து நேராகத் தாங்குங்கள். உங்களை நோக்கி ஒரே இழுப்பாக, மெதுவாக இழுங்கள். உதறக் கூடாது, எட்டி உந்தக் கூடாது. 40 சென்டிமீட்டர் பிடியில் 100 நியூட்டன் மீட்டர் என்பது 25 கிலோ இழுப்புதான், உடம்பைச் சாய்த்தாலே வந்துவிடும். கிளிக் கேட்டதும் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

எங்கள் பட்டறைப் பையன் ஒருநாள் கேட்டான்: "அண்ணாச்சி, கிளிக் வந்துட்டு. நல்லா இருக்கட்டும்னு இன்னொரு கிளிக் போடட்டா?"

"வேண்டாம்லே. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ஏறும். இதுல மட்டும் ரெண்டு போட்டா, மத்த ஒம்பதும் இதுக்குக் கொறஞ்சதாத்தான நிக்கும்?"

அவன் அதற்கப்புறம் அந்தக் கேள்வி கேட்கவில்லை, ஒரு கிளிக்கோடு நிறுத்திவிடுவான்.

நடுவில் மூச்சு வாங்க 90-இல் நிறுத்திவிட்டு மறுபடி இழுத்தால் இன்னொரு சிக்கல். நின்ற போல்ட்டை மறுபடி அசைக்கவே கூடுதல் பலம் வேண்டும். போல்ட் துளிகூடத் திரும்பாமலே ரெஞ்ச் கிளிக் அடித்துவிடும். அப்படி ஆகிவிட்டால் அந்த ஒரு போல்ட்டைக் கால் திருப்பு தளர்த்திவிட்டு, நிறுத்தாமல் ஒரே இழுப்பில் 100-க்குக் கொண்டு வாருங்கள்.

இழுக்கும்போது காதைவிடக் கை முக்கியம். நல்ல போல்ட் கடைசி வரை ஒரே சீராகக் கனத்துக்கொண்டே போகும். திடீரென்று கனம் கூடினால் அடி தட்டுகிறது. திரும்பிக்கொண்டே இருந்து கனம் கூடவில்லை என்றால் போல்ட் நீளுகிறது, அல்லது மரை போகிறது. கிரீச்சென்று விட்டுவிட்டுத் திரும்பினால் தலைக்கு அடியில் எண்ணெய் இல்லை. எதுவானாலும் நிறுத்திக் கழற்றிப் பாருங்கள், "எப்படியும் கிளிக் வந்திரும்" என்று இழுக்காதீர்கள்.

சாக்கெட்டுக்கு மேல் நேராகப் போடும் எக்ஸ்டென்ஷன் அளவை மாற்றாது. ரெஞ்சை முன்பக்கம் நீட்டுகிற மாதிரி ஒரு துண்டு மாட்டினால் மாறும். ரெஞ்ச் 40 சென்டிமீட்டர், துண்டு 5 சென்டிமீட்டர் என்றால், 100-ஐ 40-ஆல் பெருக்கி 45-ஆல் வகுத்து, 89-இல் வைக்க வேண்டும்.

பாகை முறை என்றால் டார்க் சுற்று முடிந்தபின் ஒவ்வொரு போல்ட் தலையிலும் ஒரே திசையில் பெயிண்ட் புள்ளி வைத்துவிட்டு, டி-ராடால் சொன்ன பாகை திருப்புங்கள். 90 பாகை என்றால் எல்லாப் புள்ளியும் கால் வட்டம் தள்ளி ஒரே திசையில் நிற்க வேண்டும். கண்ணை ஓட்டினாலே பிசகியது தெரிந்துவிடும். 60, 120 என்றால் டிகிரி கேஜ் வாங்கிவிடுங்கள், கண் மதிப்பு உதவாது.

ஓட்டிப் பார்த்தபின்

கேஸ்கட் மாற்றியதும் டேப்பட் இடைவெளி (வால்வுக்கும் ராக்கருக்கும் நடுவில் விடும் சந்து) பார்த்தாக வேண்டும், ஹெட் உட்கார்ந்த உயரம் மாறியிருக்கும். தண்ணீர், கூலண்ட் ஊற்றி, காற்று போகும் வரை மூடி திறந்தே ஓட விடுங்கள். குமிழி இல்லையென்றால் மூடியைப் போட்டு, இன்ஜின் முழுச் சூடு வரும் வரை ஓட்டி நிறுத்துங்கள்.

பழைய மாதிரி நார் கேஸ்கட் என்றால் ஒரு சூட்டுக்கு அப்புறம் இன்னும் கொஞ்சம் அமுங்கும், அதனால் மறு டார்க் வேண்டியிருக்கும். மேனுவல் எத்தனை மணி நேர ஓட்டத்துக்குப் பின் என்று சொல்லும். இன்ஜின் முழுசாக ஆறியபின், அதே வரிசையில், ஒரு நேரத்தில் ஒரே ஒரு போல்ட்டை மட்டும் கால் திருப்பு தளர்த்தி மறுபடி 100-க்குக் கொண்டு வர வேண்டும். எல்லாவற்றையும் தளர்த்திவிட்டு முதலிலிருந்து இறுக்கினால் கேஸ்கட் வீண். மறு டார்க் போட்டால் டேப்பட்டும் மறுபடி பார்க்க வேண்டும். பல அடுக்கு எஃகுத் தகட்டு கேஸ்கட்டுக்கும், பாகை முறையில் நீட்டிய போல்ட்டுக்கும் மேனுவல் சொல்லாமல் மறு டார்க் வேண்டாம், தொட்டால் கெடும்.

நடவு நேரத்தில் மறு டார்க்குக்கு வண்டியைக் கொண்டு வா என்றால் யாரும் வரமாட்டார்கள். நான் சாவியைக் கொடுக்கும்போதே "அண்ணாச்சி, வியாழக்கிழமை காலைல வண்டிய எடுக்காதீங்க, நானே வயலுக்கு வாரேன்" என்று சொல்லிவிடுவேன். ராத்திரி முழுக்க ஆறிக் கிடக்கும் வண்டிக்கு வரப்பிலேயே மறு டார்க்கும் டேப்பட்டும் முடித்துவிடலாம்.

வண்டியின் எண், தேதி, மணி மீட்டர், போட்ட டார்க், எண்ணெய் தடவியதா காய்ந்த மரையா, புதுசாகப் போட்ட போல்ட் எவை என்று நோட்டில் எழுதி வையுங்கள். கடைசியாக ரெஞ்சின் கைப்பிடியைத் திருப்பி அளவின் அடி எண்ணுக்குக் கொண்டு வந்து, துடைத்து, அதன் பெட்டியில் வையுங்கள். 100-இலேயே விட்டுவிட்டால் ஸ்பிரிங் அமுங்கிக் கிடந்து, அடுத்த கார் நெல் பருவத்துக்கு எடுக்கும்போது அது காட்டும் 100 வேறாக இருக்கும்.